புது சாம்பல் நிற ஸ்கிரீன் உண்மையில் மேலா? எப்படிச் சோதிப்பது?

டிசிஎஸ்_பக்கம்:
எங்கள் ஆலையின் கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்களில் வரும் கிராஃபிக்ஸை மாற்றி வரைகிறோம். கறுப்புப் பின்னணியும் பச்சை, சிவப்பு பம்புகளும் போய்விட்டன. இப்போது சாம்பல் பின்னணி, அலாரத்துக்கு மட்டும்தான் நிறம். கருத்துப் படிவம் கொடுத்தால் பாதி ஆபரேட்டர்கள் "பழசே நல்லாருக்கு" என்கிறார்கள். இதை வைத்து முடிவெடுக்கலாமா? ஆலை போலவே இயங்கிக் காட்டும் சிமுலேட்டர் இருக்கிறது.

வால்வு_63:
படிவத்தை ஓரமாக வையுங்கள். பழகிய ஸ்கிரீன் யாருக்கும் பிடிக்கத்தான் செய்யும். சிமுலேட்டரில் மெதுவாக முற்றும் கோளாறுகளைக் கொடுங்கள்: இறுகிப்போன கன்ட்ரோல் வால்வு, ஒரே அளவில் உறைந்த லெவல் டிரான்ஸ்மிட்டர் (திரவ மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) மாதிரி. கவனித்த நேரம், காரணத்தைச் சொன்ன நேரம், சரியான நடவடிக்கை தொடங்கிய நேரம் மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். அலாரத்துக்கு முன்பே கவனித்தாரா என்பது முக்கியம். எத்தனை ஸ்கிரீன் மாற்றினார் என்பதையும் எண்ணுங்கள்.

சீக்கிரம் கவனித்தும் காரணம் புரியத் தாமதமானால் நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தொடர்புள்ள அளவுகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். 2005 டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை விபத்தில் கோபுரத்துக்குள் போன ஓட்டம் ஒரு ஸ்கிரீனில், வெளியேறியது இன்னொன்றில். உள்ளே திரவம் ஏறிக்கொண்டே போனது பிடிபடவில்லை.

ஷிஃப்ட்_பி:
மேலே சொன்னதோடு, பாதிப் பேர் பழசில் தொடங்கட்டும், மீதிப் பேர் புதுசில். ஒரே கோளாறை இரண்டு ஸ்கிரீனிலும் கொடுத்தால் இரண்டாம் முறை விடை தெரிந்துவிடும். சமமான கடினமுள்ள வேறொன்றைக் கொடுங்கள்.

நடுவில் சிமுலேட்டரை நிறுத்தி ஸ்கிரீன்களை மறைத்துவிட்டுக் கேளுங்கள்: லெவல் இப்போது எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? ஐந்து நிமிடத்தில் எங்கே நிற்கும்? முதல் கேள்விக்குப் பதில் வந்து மூன்றாவதில் தடுமாறினால், ஸ்கிரீனில் எண் இருக்கிறது, ட்ரெண்ட் (அளவு போகும் போக்கைக் காட்டும் கோடு) இல்லை என்று அர்த்தம்.

அலாரம்_லிஸ்ட்:
அமைதியான நிலையில் மட்டும் சோதித்தால் எந்த ஸ்கிரீனும் தேறிவிடும். 1994இல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் வந்தவை 275 அலாரங்கள். ஒரு சோதனையாவது அலாரம் வெள்ளத்தோடு நடக்கட்டும்.

எழுத்தளவு: 70 செ.மீ. தூரத்தில் சுமார் 4 மி.மீ. உயரம், 4 மீட்டரில் உள்ள சுவர் ஸ்கிரீனுக்கு 23 மி.மீ. பிறகு ஸ்கிரீனைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். அலாரத்தின் முன்னுரிமை அதில் தெரியாவிட்டால் வடிவமோ எண்ணோ சேர்க்க வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்களுக்கு நிறம் மட்டும் போதாது.

டிசிஎஸ்_பக்கம்:
சோதனைக்கு முன் புது ஸ்கிரீனில் எவ்வளவு நேரம் பழகவிட வேண்டும்?

ஷிஃப்ட்_பி:
மணிக்கணக்கு வைக்காதீர்கள். செட்பாயின்ட் (வைத்திருக்க வேண்டிய அளவு) மாற்றுவது, ஸ்டான்ட்பை பம்புக்கு மாறுவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு ஆகும் நேரம் இனி குறையவில்லை என்றானதும் தொடங்கலாம்.