மறு: ஸ்பானிய வெள்ளியில் சீனர்கள் அடித்த குறி – ‘வெட்டுக்குறி’ சரியா?

வணக்கம்.

ஸ்பானிய வெள்ளி நாணயங்களில் சீன வணிகர்கள் அடித்த குறியை ஆங்கிலத்தில் ‘சாப் மார்க்’ (chop mark) என்பார்கள்; அதைத் தமிழில் ‘வெட்டுக்குறி’ என்று சொல்லலாமா என்பது கேள்வி. ‘வெட்டுக்குறி’ வேண்டாம் என்பேன். ‘சாப் மார்க்’கில் உள்ள ‘சாப்’ என்பதை, வெட்டு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டதால் வந்த சொல் இது. ஆனால் இந்தச் ‘சாப்’ முத்திரையைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அலுவலக முத்திரையை இன்றும் ‘சாப்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்பானிய எட்டு ரியால் நாணயத்தைச் சில்லறைக்காக நிஜமாகவே துண்டு துண்டாக வெட்டினார்கள். ‘வெட்டுக்குறி’ என்றால் படிப்பவர் அதைத்தான் நினைப்பார்.

சரி, அந்தக் குறி எதற்கு? தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் மெக்சிகோவிலும் எடுத்த வெள்ளியில் அடித்தது இந்த எட்டு ரியால் நாணயம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 27 கிராம். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குக் கப்பலில் போனது. அங்கே பட்டும் பீங்கானும் விற்ற சீன வணிகர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு ஸ்பெயின் அரசர் யாராக இருந்தால் என்ன? வெள்ளி சுத்தமா, எடை சரியா, அவ்வளவுதான். சோதித்துப் பார்த்தவர் திருப்தியானால் தன் சிறு முத்திரையை அதில் அடிப்பார். அடுத்த கையில் இன்னொன்று. அடி வாங்கி வாங்கிச் சில நாணயங்கள் கிண்ணம்போலக் குழிந்தே போயின. அரசர் முகம் இருந்த இடம் தெரியாது.

ஆக, இது ‘நான் பார்த்துவிட்டேன், நல்ல வெள்ளி’ என்று ஒருவர் கொடுக்கும் உத்தரவாதம். நாணயம் சோதிப்பதற்குத் தமிழில் ‘நோட்டம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, சோதிப்பவர் நோட்டக்காரர். அதனால் என் பரிந்துரை ‘நோட்டக்குறி’.

‘நோட்டம் விடுவது’ திருடன் வேலையாயிற்றே என்று ஒருவர் கேட்கக்கூடும். ‘குறி’ சேர்ந்தபின் அந்த வாடை போய்விடுகிறது என்று நினைக்கிறேன். இன்னொரு பழைய சொல்லும் உண்டு. வடம வண்ணக்கன் பேரிசாத்தன் என்ற சங்கப் புலவர் பெயரில் உள்ள ‘வண்ணக்கன்’ நாணயம் சோதிப்பவன்தான். ‘வண்ணக்கர் குறி’ எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்று அதைப் படிப்பவர் வண்ணம் பூசியதாக நினைப்பார்.

அப்புறம், 1797இல் இங்கிலாந்து வங்கி ஸ்பானிய டாலர்மேல் (இதே எட்டு ரியால் நாணயம்தான்) மூன்றாம் ஜார்ஜின் சிறிய தலையை அடித்து வெளியிட்டதே, அதையும் இதே சொல்லில் அடக்கக் கூடாது. அது தனி வணிகர் சோதித்து அடித்த குறி அல்ல, நாணயத்தைத் தன் நாட்டில் செல்லுபடியாக்க அடித்தது. அதற்கு ‘மேல்முத்திரை’ போதும். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைக்கலாமா?