மின்ட் ஜூலெப்: புதினாவை எவ்வளவு நசுக்குவது, அரக்கு சரிவருமா?

தெஹிவளைச் சந்தி

மே முதல் சனிக்கிழமை அமெரிக்காவின் கென்டக்கி டேர்பி குதிரைப் பந்தயம். லூயிவில்லில் மாலையில் ஓடும் குதிரைகளைக் கொழும்பில் ஞாயிறு அதிகாலை நாலரை மணியளவில்தான் பார்க்கலாம். அந்தப் பந்தயத்தின் வழக்கமான பானம் மின்ட் ஜூலெப், அதன் செய்முறை கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். பதிலாக வரும் குறிப்புகளில் பாதி, தேசிக்காயும் சோடாவும் சேரும் மொஹிட்டோவின் குறிப்பு. ஜூலெப்பில் தேசிக்காய் இல்லை, சோடாவும் இல்லை. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, சீனி, புதினா, ஐஸ் என்று நாலே பொருள்தான். பிழையை மறைக்கப் புளிப்பு இல்லாததால் எதில் தவறினாலும் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒரு ஆளுக்கு இதுதான் அளவு. 300 மி.லீ. கொள்ளும் எவர்சில்வர் டம்ளரை அரை மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். காம்பு நீக்கிய 8 முதல் 10 புதினா இலையை அதில் போட்டு, சீனியும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 15 மி.லீ. விடுங்கள். மரக் கரண்டியின் பின்பக்கத்தால் ஐந்தாறு தரம் அழுத்தினால் போதும். இலை கசங்க வேண்டும், கிழியக் கூடாது. போர்பன் 60 மி.லீ. ஊற்றி, நொறுக்கிய ஐஸை முக்கால் பங்கு நிரப்பி அரை நிமிடம் கலக்குங்கள். பிறகு இன்னும் ஐஸ் போட்டு மேலே குவித்து, கையில் ஒருதரம் தட்டிய புதினாக் கொத்தைச் செருகுங்கள். ஸ்ட்ரோவைக் கட்டையாக வெட்டி, கொத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குடிக்கும்போது மூக்கு இலைக்குள் இருக்க வேண்டும்.

புதினாவை உரலில் இடிப்பது போல இடிக்கும் காணொளிகளைப் பின்பற்ற வேண்டாம். வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது, இலேசான அழுத்தத்திலேயே அவை உடையும். இலையைக் கிழித்தால் உள்ளே இருக்கும் பச்சையமும் கசப்பும் சேர்ந்து வந்து, புல் தின்றது போல இருக்கும்.

கொட்டாஞ்சேனை13

“ஐந்தாறு தரம் அழுத்தினால் போதும்” என்கிறீர்கள் அண்ணை. யாருடைய கை? ஒருவர் தடவுவார், ஒருவர் குத்துவார். ஒரே வீட்டில் செய்த பத்து டம்ளரில் பத்துச் சுவை வரும். இலைத்துண்டு ஸ்ட்ரோவை அடைப்பது வேறு.

கூட்டத்துக்குச் செய்வதென்றால் புதினாப் பாகுதான் சரியான வழி. 120 கிராம் சீனியை 120 மி.லீ. சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கோ. ஏறக்குறைய 195 மி.லீ. பாகு கிடைக்கும், ஆளுக்கு 15 மி.லீ. படி பத்துப் பேருக்குக் கொடுத்த பிறகும் மிஞ்சும். 30 கிராம் புதினா இலையைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, பிழிந்து, ஆறிய பாகுடன் அடித்து மெல்லிய துணியில் வடியுங்கோ. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரே இனிப்பு, ஒரே புதினா. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடமும் ஆகாது.

தெஹிவளைச் சந்தி

பாகில் புதினாவை வேக வைத்தால் வாசனை பாதி ஆவியோடு போகும். மிச்சம் இருப்பது புதினாத் தேநீரின் மணம். ஜூலெப்புக்குப் பச்சை இலையின் மணம் வேண்டும்.

கொட்டாஞ்சேனை13

வேக வைக்கச் சொல்லவில்லை. 10 விநாடி என்பது இலையைக் கறுக்கச் செய்யும் நொதியை நிறுத்துவதற்கு மட்டும். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் அதே வேலைதான். அந்த நொதியை நிறுத்தாமல் பச்சையாக அடித்தால் பாகு சில மணி நேரத்திலேயே மண்ணிறமாகும், சுவையும் மங்கும். நிறுத்தியபின் ஆறிய பாகில் அடித்தால் பிறிட்ஜில் நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும். சூடான பாகில் இலையை ஊறப்போடும் முறை எனக்கும் உடன்பாடில்லை.

அதோடு, நீங்கள் சொன்ன பச்சை மணம் எங்கிருந்து வருகிறது? மேலே செருகும் கொத்திலிருந்து. அதை நானும் செருகுகிறேன்.

பல்கனித் தோட்டம்

இரண்டு பேரும் இலையைப் பற்றிக் கதைக்கிறீங்கள், எந்த இலை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஜூலெப்புக்கு ஸ்பியர்மின்ட் இனம்தான் வேணும். பெப்பர்மின்ட் போட்டால் மெந்தோல் தூக்கி, பற்பசை குடிக்கிற மாதிரி வரும். கொழும்புச் சந்தைகளில கட்டாக விக்கிற புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகைதான். ஆனாலும் ஒரு இலையைக் கிள்ளி மென்று பாருங்கோ. நாக்குக் குளிர்ந்து விறைச்சால் அது வேற இனம்.

கட்டில அடிப்பக்க இலை தடிப்பாய், கசப்பாய் இருக்கும். அதைச் சம்பலுக்கு வையுங்கோ. மேலே இருக்கிற நாலு சோடி இலைதான் டம்ளருக்கு. பூ விட்ட கொடியும் வேண்டாம், மணம் மாறிப்போகும்.

வாங்கிக்கொண்டு வந்த உடனே கட்டை அவிழ்த்து, தண்டின்ர நுனியை வெட்டி, ஒரு போத்தல் தண்ணியில நிறுத்தி, மேலே பொலித்தீன் பையைத் தளர்வாய்க் கவிழ்த்துப் பிறிட்ஜின்ர கதவுப் பக்கம் வையுங்கோ. உள்சுவரில முட்டினால் குளிரில கறுக்கும். வாடின கொத்தை 15 நிமிஷம் ஐஸ் தண்ணியில அமத்தி வைச்சால் நிமிரும். நிமிராட்டி அது அலங்காரத்துக்கு உதவாது.

எல்லாம் முடிஞ்ச பிறகு மிஞ்சிற தண்டில ஒண்டை இலை உரிச்சுத் தண்ணியில போட்டு வையுங்கோ, வேர் விடும். மத்தியான வெயில் நேரே படாத இடத்தில சாடியில நட்டால் அடுத்த தரம் சந்தைக்குப் போகத் தேவையில்லை.

கித்துள்மரம்

நீங்கள் எல்லாரும் தவிர்க்கிற கேள்வியைக் கேட்கிறேன். வரி போட்டு வருகிற போர்பன் போத்தலை ஐஸ் மலைக்குள் ஊற்றித்தான் ஆகவேண்டுமா? தென்னங்கள்ளிலிருந்து வடிக்கிற நல்ல அரக்கு இருக்கிறது. சீனிப்பாகுக்குப் பதில் கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சின கித்துள் பாணி போட்டால் இந்த ஊருக்கான ஜூலெப் அது.

கொட்டாஞ்சேனை13

அரக்கு நல்ல பானம். ஆனால் ஜூலெப்பில் போர்பன் செய்கிற வேலையை அது செய்யாது. அமெரிக்கச் சட்டப்படி போர்பனில் தானியக் கலவையின் 51 சதவீதமாவது சோளம், அதுவும் உள்ளே கரிய எரித்த புத்தம்புது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். வனிலா, கரமல் மணம் அந்தக் கரிந்த ஓக்கிலிருந்துதான் வருகிறது. புதினாவுக்கு எதிரே நிற்பது அந்த மணம். அரக்கு பாரம்பரியமாக ஹல்மில்ல மரத்தில் கிடப்பது. திருகோணமலை மரம் என்று வெள்ளைக்காரர் சொன்ன அதே மரம். அது ஓக் போல வனிலா கொடுக்காது. தென்னம்பூவின் மென்மையான மணம் நொறுக்கின ஐஸுக்கு அடியில் காணாமல் போய்விடும். கித்துள் பாணியின் புகை மணம் வேறு புதினாவை அமத்தும். கடைசியில் குளிர்ந்த பாணித் தண்ணீர்தான் மிஞ்சும்.

கித்துள்மரம்

போர்பன் இல்லாவிட்டால் ஜூலெப் இல்லை என்பது வரலாறு தெரியாத பேச்சு தம்பி. அமெரிக்க மதுக்கலவைக்காரர் ஜெரி தோமஸ் 1862இல் அச்சிட்ட மின்ட் ஜூலெப் குறிப்பில் ஊற்றச் சொல்வது கொன்யாக் பிராந்தி. மேலே கொஞ்சம் ஜமேக்கா ரம்மும் தெளிக்கச் சொல்கிறார். புதினாக் கொத்தைச் சீனித் தண்ணீரில் அழுத்தி எடுத்து, பிறகு அதே கொத்தைத் தண்டு கீழேயும் இலை மேலேயும் இருக்க ஐஸில் குத்துவது அவருடைய முறை. அப்போது மாறிய சாராயம் இப்போது ஏன் மாறக் கூடாது?

தெஹிவளைச் சந்தி

மாற்றலாம் ஐயா, ஆனால் கணக்கைப் பார்த்து மாற்றுங்கள். 45 சதவீதப் போர்பன் 60 மி.லீ. ஊற்றினால் டம்ளருக்குள் 27 மி.லீ. தூய மதுசாரம். 40 சதவீதம் என்றால் 24. இங்கே விற்கிற அரக்கு பெரும்பாலும் 33க்கும் 37க்கும் இடையில். 33.5 சதவீத அரக்கு 60 மி.லீ. என்றால் 20 தான். ஐஸ் கரைந்ததும் தண்ணீராய்த் தெரிவதற்குக் காரணம் மரம் மட்டும் இல்லை, இந்தக் கணக்கும்தான். அரக்கில் செய்கிறவர்கள் 75 மி.லீ. ஊற்றுங்கள், 25க்கு வந்துவிடும். கூடுதல் அரக்கோடு கூடுதல் தண்ணீரும் சேர்வதால் ஐஸ் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

கித்துள் பாணியை முழு அளவு போடாதீர்கள். 5 மி.லீ. பாணி, 8 மி.லீ. சாதாரணப் பாகு. அதற்கு மேல் போனால் கொட்டாஞ்சேனை சொன்னதுதான் நடக்கும்.

போர்பனிலேயே செய்கிறவர்களுக்கும் அதே கணக்கு. 40 சதவீதப் போத்தல் என்றால் கலக்குவதை 15, 20 விநாடியில் நிறுத்துங்கள். மேக்கர்ஸ் மார்க் போல 45 என்றால் அரை நிமிடம் தாங்கும். வைல்ட் டேர்க்கி 101 என்பது 50.5, அதுதான் ஐஸுக்கு முன்னால் கடைசிவரை நிற்கிறது.

கித்துள்மரம்

75 மி.லீ. ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்று சேர்க்கிறேன்: விலை குறைந்த அரக்கில் தென்னங்கள்ளிலிருந்து வடிக்காத சாராயமும் கலந்திருக்கும். ஜூலெப்புக்கு முழுத் தென்னை அரக்கு, பழையது, லேபலைப் பார்த்து வாங்குங்கள்.

போத்தலை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் நல்லது. வெசாக் போயாவும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், அன்று கடை பூட்டு.

பல்கனித் தோட்டம்

டம்ளரைப் பற்றி ஒரு சந்தேகம். வெள்ளிக் கோப்பை இல்லாட்டி வெளிப்பக்கம் வெண்பனி பிடிக்காது எண்டு சொல்லினம். உண்மையோ?

கொட்டாஞ்சேனை13

உண்மைதான் அக்கா. வெள்ளிக்கு வெப்பம் கடத்தும் திறன் எவர்சில்வரை விடப் பல மடங்கு கூட.

தெஹிவளைச் சந்தி

கடத்தும் திறனில் தம்பி சொல்வது சரி, முடிவில் இல்லை. டம்ளர் தகடு அரை மில்லிமீற்றர் தடிப்பு. அந்த மெல்லிய தகட்டைத் தாண்டுவது எவர்சில்வரில் கூடச் சிரமமே இல்லை. பனியைத் தடுப்பது கொழும்பின் காற்று. ஐஸும் மதுசாரமும் சேர்ந்த கலவை பூச்சியத்துக்குக் கீழே சில பாகை போகும், டம்ளரும் அப்படியே குளிரும். ஆனால் ஈரக்காற்றிலிருந்து 1 கிராம் நீராவி டம்ளரின் வெளிப்பக்கத்தில் நீராக மாறும்போது விடுகிற வெப்பம் ஏறக்குறைய 7 கிராம் ஐஸை உருக்கப் போதும். அதனால்தான் திறந்த வராந்தாவில் வெண்பனிக்குப் பதில் தண்ணீர் ஒழுகுகிறது, உள்ளே ஜூலெப்பும் சீக்கிரம் நீர்த்துப் போகிறது.

ஏசி போட்ட அறையில் கலக்குங்கள். ஏசி குளிரூட்டுவதோடு காற்றின் ஈரத்தையும் எடுக்கும். டம்ளரை ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் துடைத்து, விளிம்பிலோ அடியிலோ பிடியுங்கள். நடுவில் ஐந்து விரல் பதிந்தால் அந்த இடத்தில் பனி பிடிக்காது. இரட்டைச் சுவர் டம்ளர் வேண்டாம், அதன் வெளிச்சுவர் குளிராது. பித்தளை மூக்குப்பேணி பார்க்க அழகு, ஆனால் வெள்ளீயம் பூசாத பித்தளையில் சாராயம் ஊற்றி வைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை13

ஏசி அறை என்பது சரி. அப்படியானால் ஐஸையும் அதே கண்ணோடு பாருங்கோ. பத்துப் பேருக்குக் கடை ஐஸ் பை வாங்கினால் வேலை சுகம்.

தெஹிவளைச் சந்தி

கடை ஐஸ் வீட்டுக்கு வந்து சேரும்போது மேற்பரப்பு முழுக்க ஈரம். அந்தத் தண்ணீர் நேரே டம்ளருக்குள் போகும். நொறுக்க நொறுக்க மேற்பரப்பு கூடுவதால் ஈரமும் கூடும். பிளெண்டரில் அடிப்பது அதைவிட மோசம், பாதி தூள், பாதி தண்ணீர். கடை ஐஸ்தான் வழி என்றால் ஒரு இரவு ஃபிரீசரில் திரும்பப் போட்டுக் காயவிட்டு எடுங்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால் ஆளுக்கு 250 கிராம், பத்துப் பேருக்கு மேல்நிரப்பலோடு 3 கிலோ. தட்டுகளில் அச்சு ஐஸ் செய்து இது முடியாது. தடித்த பொலித்தீன் பையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, வாயை இறுக்கி, ஃபிரீசரில் படுக்க வையுங்கள். இரண்டு விரல் தடிப்பில் தகடாக உறையும். இரண்டு நாள் முன்னரே மூன்று பை. பரிமாறும் நேரம் தகட்டைத் தடித்த பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, சப்பாத்திக் கட்டையால் அடியுங்கள். துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஐஸ் உலர்ந்து மணல்மணலாக வரும். கடலையளவுத் துண்டும் தூளும் கலந்திருந்தால் போதும். முழுத் தூள் நிமிடத்தில் கரையும், பெருந்துண்டு குவியாது.

கொட்டாஞ்சேனை13

தலையணை உறையை எடுக்கிறேன், பாகை விடமாட்டேன். பத்து டம்ளரில் இலை அழுத்திக்கொண்டு நின்றால் முதல் டம்ளரின் ஐஸ் இறங்கிவிடும்.

தெஹிவளைச் சந்தி

இலையும் பாகும் பத்து டம்ளரிலும் முன்கூட்டியே அழுத்தி, போர்பனையும் ஊற்றி ஃபிரீசரில் வைக்கலாம், ஐஸ் மட்டும் கடைசியில். ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். சாராயத்தில் கிடக்கும் இலை பச்சையத்தையும் கசப்பையும் இறக்கிக்கொண்டே இருக்கும்.

பல்கனித் தோட்டம்

அப்ப பத்துப் பேருக்கு எவ்வளவு புதினா எண்டும் சொல்லிவிடுறன். அழுத்திற முறைக்கு 100 இலை, பாகு முறைக்கு 30 கிராம், இரண்டுக்கும் மேலே செருக ஆளுக்கு இரண்டு கொத்து. சந்தைக் கட்டு ஒண்டில நிமிர்ந்து நிக்கிற கொத்து கொஞ்சம்தான் தேறும், அதனால அலங்காரத்துக்கு வேண்டிய 20 கொத்தை முதல் தெரிஞ்சு தண்ணியில நிறுத்திப்போட்டு, மிச்சத்தில இலை கிள்ளுங்கோ.