மறு: மறு: ‘சைடு ஸ்க்ரோலிங்’ ஆட்டத்துக்குச் சொல் வேண்டும், வியாழனுக்குள்

அனைவருக்கும் வணக்கம்.
கோடை வகுப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பாணியில் ஒரு கணினி விளையாட்டு செய்கிறார்கள். தொன்மா (டைனோசர்) ஒன்று ஓடும், குதிக்கும், குறுக்கே வருகிற கொள்ளையரை வாலால் அடிக்கும். அது வலப்பக்கம் போகப் போக, பின்னாலுள்ள காடும் மலையும் இடப்பக்கம் நகரும். கையேடு வியாழக்கிழமை அச்சகம் போகிறது. இப்போதைக்கு அதில் “பக்கவாட்டு உருளல்” என்று இருக்கிறது. வாசித்துக் காட்டினால், “டீச்சர், டைனோசர் ஏன் உருளுது, அடிபட்டுருச்சா?” என்கிறார்கள்.
— ஆசிரியை, மண்டபம்

அக்கா, இது முஸ்தபா கேம்தானே! 1993இல் கேப்காம் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அந்தப் பெயரை இங்கே யார் சொன்னார்கள்? ஆடக்கூடிய நான்கு பேரில் தொப்பி போட்ட முஸ்தபாதான் எல்லாருக்கும் வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கொரு முஸ்தபா உண்டு, அதனால் தகராறும் கூடுதல். “முஸ்தபா வகை ஆட்டம்” என்று போடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.
— கீழக்கரை

படிக்கப்போவது பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், கீழக்கரைக் காக்கா.
— ஆசிரியை

அன்புடையீர்,
சொல் நம்மிடமே இருக்கிறது. திரைதல் என்றால் சுருங்குதல், சுருளுதல். தோல் திரைவதால் ‘நரை திரை மூப்பு’. சுருண்டு வருவதால் அலைக்கும் திரை என்று பெயர். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்னும் கொன்றை வேந்தனில் திரைகடல் என்பது வினைத்தொகை. சுருட்டி விடுவதால்தான் துணிக்கும் திரை என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. ஆகவே ‘பக்கத்திரைவு’. ‘தொன்மா’ என்று எழுதிய ஆசிரியைக்குத் தனிப் பாராட்டு. ‘மா’ என்றால் விலங்கு; ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்பது தொல்காப்பிய மரபியல்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இராமநாதபுரம்

ஐயா, பால் திரைஞ்சுபோச்சுன்னா எங்க வீட்டுல கீழே ஊத்திருவாங்க. கெட்டுப்போன ஆட்டம்னு பிள்ளைக நினைச்சுக்கும். ‘ஓடுதிரை’ போதும். ஓடின திரை, ஓடுற திரை, ஓடப்போற திரை, மூணும் அதுக்குள்ள இருக்கு. உங்க வினைத்தொகைதான்.
டீச்சருக்கு ஒரு யோசனை. பாலத்து ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்தா பக்கத்துக் கம்பி விர்ருனு போகும், நாட்டுப்படகு மெதுவாப் போகும், குருசடைத் தீவு நின்ன இடத்துலயே நிக்கும். ஆட்டத்துலயும் படத்தை அடுக்கடுக்கா வச்சு, கிட்டத்துல உள்ளதை வேகமா, தூரத்துல உள்ளதை மெதுவா நகர்த்துவாங்க. 1982லேயே ‘மூன் பேட்ரோல்’ இதைச் செஞ்சிருச்சு. கையேட்டுல சொல்லை விட இதுதான் வேணும்.
— பாம்பன்

ஓடுதிரை சரி, ஆனால் பாதிதான் சரி. நிரல் எழுதுகிறவனுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்றில் திரை தானே ஓடும். இணையம் அறுந்தால் குரோமில் வருகிற டைனோசர் ஆட்டம் போல. இன்னொன்றில் நாம் நடந்தால்தான் திரை நகரும். முஸ்தபா கேமில் இருக்கிற அடியாட்களையெல்லாம் வீழ்த்தும்வரை திரை இம்மியும் அசையாது. தன்வினை ஓடுதிரை, பிறவினை ஓட்டுதிரை. ஓர் ஒற்றை இரட்டித்தால் வேலை முடிந்தது. தமிழ் தவிர எந்த மொழி இதை இவ்வளவு மலிவாகத் தரும்?
— தொண்டிக்காரன், இப்போது சென்னை

ஓட்டுதிரை என்றால் தேர்தல் முடிவு காட்டுகிற திரை என்பார்கள். தவிர, முஸ்தபா கேமிலேயே காரில் ஏறினதும் திரை தானாக ஓடுமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?
— கீழக்கரை

எல்லாரும் ‘வலசை’யை மறந்துவிட்டீர்கள். பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை என்று நம் கரையோரம் முழுக்க அந்தச் சொல்தான். இடம்விட்டு இடம் பெயர்வது வலசை. ‘வலசையாட்டம்’ எப்படி? பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்பது இன்று அறிவியலில் ஏற்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு வலசை வரும் பூநாரையும் ஒரு கணக்கில் டைனோசர்தான்.
— உச்சிப்புளி

பூநாரை அழகு. ஆனால் வலசை போவது தொன்மா. நான் பெயர் கேட்டது திரைக்கு.
— ஆசிரியை

‘ஓடுதிரை’ என்பதில் எனக்கொரு தடை. கடற்கரைப் பிள்ளைக்குத் திரை என்றால் முதலில் அலை நினைவுக்கு வரும். ஓடும் அலை என்று பொருள் கொள்வான்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, அலையை நாங்க அலைன்னுதான் சொல்றோம். திரைன்னு உங்க பாட்டுலதான் சொல்றாங்க.
— பாம்பன்

அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. ‘ஓடுதிரை ஆட்டம்’ என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘சைடு ஸ்க்ரோலிங்’கும் தமிழ் எழுத்தில் இருக்கும், வெளியே போய்த் தேடுகிற பிள்ளைக்கு அது வேண்டும். தொண்டித் தம்பியின் ஓட்டுதிரையைப் பயிற்சிக் கேள்வியாக வைத்திருக்கிறேன்: “உன் ஆட்டத்தில் திரை தானே ஓடுகிறதா, நீ ஓட்டுகிறாயா?” ரயில் உதாரணத்துக்கு ஒரு முழுப்பக்கம். அனைவருக்கும் நன்றி.
— ஆசிரியை

தொன்மாவை ஏற்றீர்கள், திரைவை ஏற்கவில்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பால் திரைவதற்கும் தோல் திரைவதற்கும் வேர் ஒன்றே என்பதைத் தனி மடலாக எழுதுகிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வியாழன் கழிந்து எழுதுங்கள் ஐயா.
— ஆசிரியை