வீட்டுக்கு வரும் ஹோஸ்பிஸ் கவனிப்பு இவ்வளவுதானா?

சிப்புட்காரி:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட். அம்மாவுக்கு 71 வயது, முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி கீமோ வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, குணமாகாத நோயாளிகளின் வலி, வேதனையைக் குறைக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு ஹோஸ்பிஸ் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி காசுகூட வாங்குவதில்லை. காற்று மெத்தைகூட இரவல் கொடுத்திருக்கிறார்கள். அதனால் குறை சொல்ல வாய் கூசுகிறது.

நர்ஸ் செவ்வாய்க்கிழமை வருவார். நல்ல பெண்தான். மலாயில் கேட்பார், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு மாக்சிக் (அம்மா) என்று. அம்மா சிரித்துக்கொண்டே "டுவா" (இரண்டு) என்பார். அவரும் 2 என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அதே அம்மா ராத்திரி இரண்டு மணிக்குக் கைலி முனையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், பக்கத்து அறையில் எங்களுக்குக் கேட்கக்கூடாதாம். போன வியாழன் தாளில் இருந்த நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. காலையில்தான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

வலிக்கு மோர்பின் தண்ணீர் மருந்து கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் அம்மா தூங்கிக்கொண்டே இருந்ததால், "இதுதான் அம்மாவைக் கொல்லுது" என்று தம்பி பாட்டிலைச் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டான். அதோடு ஐந்து நாளாக அம்மா வெளிக்குப் போகவில்லை. கவனிப்பு சரியில்லையா, நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

கிள்ளான் வாசி:

அப்பாவை இப்படித்தான் வீட்டில் வைத்துப் பார்த்தோம். இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-இலிருந்து ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு இருக்கிறது, உங்கள் பக்கம் அவர்கள் வருவதில்லை. வாரம் ஒரு தடவை வருவது குறையே இல்லை. 24 மணி நேரமும் பக்கத்தில் இருக்கப்போவது நாம்தான். ஆனால் ராத்திரி போனை எடுக்காதது குறைதான் அக்கா. இலவசம் என்பதற்காக அதை விழுங்க வேண்டாம். தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுங்கள்.

பழைய மிஸ்ஸி:

நான் தைப்பிங். ஓய்வு பெற்றுவிட்டேன், முன்பு வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள்.

முதலில் அவசரமானது. முதுகெலும்பில் பரவியவருக்குக் கால் திடீரென்று பலம் இழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவு. மலம் போகாததற்கும் இன்றைக்கே போன் செய்யுங்கள். மோர்பினால் வரும் தூக்கம் சில நாளில் தெளியும், மலச்சிக்கல் தானாகப் போகாது. அதற்கு மருந்து முதல் நாளே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டிருந்தால் அது அவர்கள் தவறு, தயங்காமல் கேளுங்கள்.

தம்பியிடம் சொல்லுங்கள், சரியான அளவில் கொடுத்தால் மோர்பின் ஆளைக் கொல்லாது. 1967-இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹோஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் வற்புறுத்தியதே இதைத்தான்: வலி வந்து துடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. தண்ணீர் மருந்து என்றால் பொதுவாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நடுவில் வலி மீறினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இருந்திருந்தால் வியாழன் ராத்திரி உங்களுக்குப் பாதி பயம் குறைந்திருக்கும்.

அந்த "டுவா" விஷயம். தோட்டத்து அம்மாக்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சட்டையைக் கண்டால் "ஒன்னுமில்ல மிஸ்ஸி" என்பார்கள். நம்பரை விடுங்கள். எப்படி வலிக்கிறது என்று தமிழில் கேளுங்கள். குடைகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, கரண்ட் அடிக்கிற மாதிரி ஓடுகிறதா? எரிச்சலும் கரண்டும் பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மோர்பின் மட்டும் போதாமல் போகலாம். அமிட்ரிப்டிலின், கபாபெண்டின் மாதிரி வேறு மருந்து டாக்டர் சேர்ப்பார். இந்தச் சொற்களை மலாயில் மாற்றி நர்ஸிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவருக்குத் தமிழ் தெரியாதது அவர் குற்றமில்லை.

ரப்பர்காடு:

அக்கா, பேசாமல் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடுங்கள். பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுத்த கதையாக இருக்கிறது இது.

பழைய மிஸ்ஸி:

ரப்பர்காடு தம்பி, அந்த அம்மா எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று யாராவது கேட்டீர்களா?

சிப்புட்காரி:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், தூக்கமே இல்லை.

மிஸ்ஸி அக்கா சொன்ன மாதிரி கேட்டேன். "இடுப்பிலேருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் மொளகா அரச்சுப் பூசின மாதிரி" என்றார். ஏன் இதை நர்ஸிடம் சொல்லவில்லை என்றால், "அந்தப் புள்ள நம்பர்தானே கேட்டுச்சு" என்கிறார்! அன்றைக்கே போன் செய்தேன். டாக்டரைக் கேட்டு ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார்கள், வயிற்றுக்கும் மருந்து வந்தது, மூன்றாம் நாள் வெளிக்குப் போனார். காலை அசைக்கச் சொல்லியும் பார்த்தார்கள், பலம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "கொய்யா மரம் தெரியுற ஜன்னல் அங்க இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ராத்திரி போன் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது நம்பர் ஒன்று தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிலும் இருபது நிமிஷம் கழித்துத்தான் எடுத்தார்கள். இன்னும் சரியாகவில்லை, விடப்போவதில்லை.

நம்பருக்குப் பதில் இப்போது வாளிக் கணக்கு. சும்மா வாளி, அரை வாளி, தளும்புகிற வாளி. ரப்பர் பால் சுமந்தவருக்கு அது பொய் சொல்ல வரவில்லை. நர்ஸிடமும் சொல்லிவிட்டோம், அவர் ஃபைலில் "ஸ்தெங்கா பால்டி" (அரை வாளி) என்று மலாயில் எழுதியிருக்கிறார். பாட்டில் சாமி அலமாரிக்கு முன்னால் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணி வேளை தம்பியுடையது, போனில் அலாரம் வைத்திருக்கிறான். நேற்று அவன் எழுப்பியதும் அம்மா, "அரை வாளிதான்டா, நீ போய்ப் படு" என்றாராம்.