கலைச்சொல்: எம்பாடிட் கார்பன் – ‘பொதிகரிமம்’ சரிவருமா?

> ‘பொதிகரிமம்’ என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் தப்பிப்போகிறது. எம்பாடிட் கார்பன் என்பது கட்டடப் பொருள்களைத் தயாரிப்பது தொடங்கி, கட்டடத்துக்காக வெளியேறும் கரியமில வாயுவின் கணக்கு; அதை ஓட்டும் மின்சாரம் இதில் சேராது. பொதிந்திருப்பது என்றால் உள்ளே இருப்பது. கான்கிரீட் தூணுக்காக வெளியேறிய கரியமில வாயு தூணுக்குள் இல்லையே! சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரி வரை சூடாக்கும்போதே அது காற்றில் கலந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே கிளம்புகிறது, மீதிதான் எரிபொருளின் புகை. உண்மையில் கரிமம் பொதிந்திருப்பது மரச்சட்டத்தில்தான். மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது அது. அதற்கும் ஒரு சொல் தேவைப்படும். பொதிகரிமத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘ஆக்கக் கரிமம்’. ஏசி, விளக்கு, லிப்ட் ஆகியவற்றை ஓட்டுவதால் வருவது ‘இயக்கக் கரிமம்’. இரண்டும் சோடியாக நிற்கும்.

இதற்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் எங்கள் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் நினைவிடம் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிக் காப்பு வளையமும் உண்டு. இப்படிப்பட்ட பழைய பகுதியில் புது அலுவலகம் என்றதும் வழக்கமாக வரும் யோசனை, தெருப்பக்கச் சுவரை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் முழுவதையும் இடித்துப் ‘பசுமைக் கட்டடம்’ எழுப்புவது. சூரியத் தகடு, சிக்கன விளக்கு, இரட்டைக் கண்ணாடி எல்லாம் பட்டியலில் இருக்கும். அத்தனையும் இயக்கக் கணக்கு. எரிமலைப் பாறையில் கட்டிய பழைய தடித்த சுவர்களுக்கான கரிமச் செலவு என்றைக்கோ முடிந்துவிட்டது. அவற்றை இடித்தால், கப்பலில் வரும் சிமென்டைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கணக்குக்குத் தமிழில் பெயரே இல்லாவிட்டால் பள்ளியில் தமிழ் படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

இயக்கக் கரிமத்தையும் லேசாக விட்டுவிட முடியாது. இங்கே மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எண்ணெயிலும் வருகிறது. கரும்பு வெட்டும் காலத்தில் சக்கையும் கைகொடுக்கும், அவ்வளவுதான். பழைய கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு நாள் முழுக்க ஏசியை ஓடவிட்டால் என்ன லாபம்?

> ஆக்கம் என்றால் கட்டி முடிக்கும்வரைதானே அக்கா? பின்னால் கண்ணாடி மாற்றுவது, கடைசியில் இடித்து அள்ளுவது எல்லாம் எங்கே போகும்?

நல்ல கேள்வி தம்பி. கணக்குப் போடுகிறவர்களும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பொருள் தயாரிப்பு, போக்குவரத்து, கட்டுமானம் வரை ஒரு பகுதி; அதற்கு அவர்கள் சொல்வது ‘அப்ஃப்ரண்ட் கார்பன்’. பழுதுபார்ப்பு, மாற்றுதல், இடிப்பு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் எம்பாடிட் கார்பன். ஆகவே முதல் பகுதி ‘ஆக்கக் கரிமம்’, மொத்தம் ‘பொருட்கரிமம்’ என்று கொள்ளலாம். கல், இரும்பு, கண்ணாடி என்று பொருளைத் தொட்டு வருவதெல்லாம் அதில் அடங்கும். இயக்கக் கரிமத்தோடு குழம்பவும் குழம்பாது.

இன்னொன்று. முன்பு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்த ‘தென்வெயில் மறைப்பு’ எங்களுக்கு ஆகாது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். ஆண்டில் பெரும்பகுதி நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். வெறும் ‘வெயில் மறைப்பு’ என்றாலே எல்லா ஊருக்கும் பொருந்தும்.

மறுப்பு இல்லையென்றால் ஆக்கக் கரிமம், பொருட்கரிமம், இயக்கக் கரிமம் ஆகிய மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். அப்புறம், பழைய கட்டடத்தை இடிக்காமல் புது வசதிகளைப் பொருத்தி மேம்படுத்தும் ‘ரெட்ரோஃபிட்’டுக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. ‘புதுப்பித்தல்’ என்றால் சுண்ணாம்பு அடிப்பதுகூட அதில் சேர்ந்துவிடும்.