காட் ஹிங் வாய்: மதில் சூழ்ந்த ஊரும் அதன் நிர்வாகமும்

அன்புள்ள ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

ஊரை விட்டுப் போனவருக்கும் ஊரில் வந்து குடியேறியவருக்கும் ஊர்க் காரியங்களில் என்ன உரிமை என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் ஓர் இடத்தைப் பற்றி இம்மடலில் எழுதுகிறேன்.

ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதியில், காம் டின் சமவெளியில் இருக்கிறது காட் ஹிங் வாய். டாங் குலத்தாரின் ஊர். சீனாவின் மிங் வம்சப் பேரரசர் செங்ஹுவாவின் காலத்தில் (1465–1487) அவர்கள் இங்கே குடியமர்ந்தார்கள். கொள்ளையருக்கு அஞ்சி, அடுத்து வந்த சிங் வம்ச ஆட்சியின் தொடக்கக் காலத்தில் நீலச் செங்கல் மதிலும், நான்கு மூலைகளில் காவல் கோபுரங்களும், சுற்றிலும் அகழியும் அமைத்தார்கள். உள்ளே போக வாசல் ஒன்றுதான். அங்கிருந்து நேராகச் செல்லும் தெருவின் கோடியில் ஊர்த் தெய்வங்களின் கோயில் உண்டு. இருபுறமும் ஒருவர் தோள் உரசும் சந்துகள் பிரிகின்றன.

அந்த வாசலின் கதவுகள் இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்தவை. 1898இல் பிரிட்டன் இப்பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றபோது ஊரார் எதிர்த்து நின்றனர். 1899 ஏப்ரலில் படை வந்து எதிர்ப்பை அடக்கிக் கதவுகளைப் பெயர்த்தெடுத்தது. ஆளுநர் ஹென்றி பிளேக் அவற்றை அயர்லாந்துக்கே கொண்டுபோய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக, ரெஜினால்ட் ஸ்டப்ஸ் ஆளுநராக இருந்த 1925இல் அவை திரும்பி வந்தன. தோற்ற ஊர் ஒன்று இதைச் சாதித்தது எனக்குப் பெரிய செயலாகவே படுகிறது.

நிர்வாகத்தின் உயிர்நாடி குலச் சொத்துதான். முன்னோர் பெயரில் உள்ள நிலத்தைத் தனியொருவர் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அரசிடம் பதிவு செய்யப்பட்ட மேலாளர் அதைக் கவனிக்க, வருமானம் முன்னோர் வழிபாட்டுக்கும் பொதுக் காரியங்களுக்கும் போகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை காம் டின் ஊர்கள் சேர்ந்து எடுக்கும் பெருவிழாவும் இத்தகைய கூட்டுப் பொறுப்பில்தான் நடக்கிறது.

1950, 60களில் நெல் விவசாயம் நொடித்தபோது, நியூ டெரிட்டரீஸ் ஊர்களிலிருந்து ஏராளமான ஆண்கள் பிரிட்டனின் சீன உணவகங்களுக்கு வேலைக்குப் போனார்கள். குலவழி வந்தவர் என்ற உரிமை அதனால் அற்றுப்போகவில்லை. மாறாக, வெளியிலிருந்து வந்து பல்லாண்டு வாழ்ந்தவர்களுக்கு ஊர்ப் பிரதிநிதித் தேர்தலில் வாக்கில்லை என்ற வழக்கத்தை 2000இல் ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதன் விளைவாக 2003 முதல், குலவழியினருக்கு ஒருவரோ சிலரோ, குடியிருப்போர் அனைவருக்கும் ஒருவர் என இரட்டைப் பிரதிநிதி முறை வந்தது. குலவழியினர் வாக்களிக்க ஊரில் குடியிருக்க வேண்டியதில்லை. இருதரப்புக்கும் நியாயம் செய்யும் ஏற்பாடு இது என்பது என் கருத்து.

பெண்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஊர் நிலத்துக்கு வாரிசாவதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1972இல் தொடங்கிய திட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய குலவழி ஆண் தன் ஊரில் வீடு கட்ட ஒருமுறை அனுமதி கோரலாம். அந்த உரிமை மகள்களுக்கு இல்லை. 2021இல் அதே நீதிமன்றம் அத்திட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.