பணிப்புரை போதுமா, பணிப்பாணை வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘டிரெக்டிவ்’ (directive, அதிகாரத்தில் இருப்பவர் இதைச் செய் என்று எழுத்தில் சொல்வது) என்பதற்கு ‘ஏவலாணை’ என்று வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏவல் வினை என்று பள்ளியிலேயே படித்த சொல்தான். ஆனால் இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏவல் என்றால் பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்கிற ஏவல். ‘யாரோ ஏவல் விட்டுட்டாங்க’ என்று எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்கு ஓடுகிற வீட்டுக்கு ‘ஏவலாணை’ என்று தலைப்பிட்ட கடிதம் போனால் அதைப் பிரிக்கவே பயப்படுவார்கள். அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து.

இலங்கையில் நம்மிடம் ‘பணிப்புரை’ ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இயக்குநர் என்பவரை நாம் பணிப்பாளர் என்கிறோம். பணிப்பவர் சொல்வது பணிப்புரை. நல்ல சொல், பழகிய சொல். அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அதை ஒரு கடிதத்திலிருந்து சொல்கிறேன்.

அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுதான் லயம்) அக்கா ஒருவர், ஒரு மாலைநேரம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த கையோடு, கூடையைக்கூட இறக்காமல் என் வாசலில் நின்றார். கையில் ஓர் அரச அலுவலகக் கடிதம். முகமெல்லாம் சிரிப்பு. “தம்பி, மகனுக்கு வேலை வந்திருக்குப் போல. இங்க பாரு, பணின்னு போட்டிருக்கு.” கொழுந்துக் கறை படிந்த விரல் நின்ற இடத்தில் இருந்த வரி இது: ‘மேற்படி ஆவணங்களை இம்மாத இறுதிக்கு முன்னர் சமர்ப்பிக்குமாறு தாங்கள் இத்தால் பணிக்கப்படுகின்றீர்கள்.’ மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. வேலையில்லை அக்கா, பேப்பர் கேட்டிருக்காங்க என்று நான் சொன்னதும் அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த அக்கா மேல் தப்பே இல்லை. பணி என்ற அடி அப்படிப்பட்டது. பணிந்தான் என்றால் கீழே நிற்பவன், பணித்தான் என்றால் மேலே நிற்பவன். இடையில் பணி என்று நின்றால் வேலை. கட்டளையும் கீழ்ப்படிதலும் உழைப்பும் ஒரே வேரில் கிடக்கின்றன. ‘பணிக்கப்படுகின்றீர்கள்’ என்று செயப்பாட்டு வினையாக்கி வாக்கியத்தின் கடைசியில் வைத்தால், யார் பணித்தார், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் மறைந்து ‘பணி’ மட்டும் கண்ணில் படுகிறது.

அப்புறம் ‘உரை’. அறிவுரை, பரிந்துரை, விதந்துரை எல்லாம் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம் என்ற வகை. பணிப்புரையும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு சேரும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஆணை பிறப்பிக்கிறார்கள், கட்டளை இடுகிறார்கள், பணிப்புரையை மட்டும் ‘விடுக்கிறார்கள்’. வேண்டுகோள் விடுப்பதும் கோரிக்கை விடுப்பதும் அதே ‘விடு’தான். ‘அமைச்சர் பணிப்புரை விடுத்தார்’ என்று செய்தியில் வாசிக்கும்போது, அதிகாரிக்குக் கட்டாயமா, அமைச்சரின் விருப்பமா என்று சொல்லில் தெரிவதில்லை. சட்டம் தெரிந்தவருக்குத் தெரியலாம். லயத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

மற்றச் சொற்கள்? கட்டளையைத் தொட வேண்டாம். நீதிமன்றத்திலும், ‘காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்’ போன்ற பழைய சட்டப் பெயர்களிலும் அது உறுதியாக உட்கார்ந்துவிட்டது. கணினிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். உத்தரவில் வேறு சிக்கல். அது கட்டளையும்தான், அனுமதியும்தான். மாரியம்மனிடம் பூப் போட்டுப் பார்த்து ‘ஆத்தா உத்தரவு குடுத்துட்டா’ என்றால், செய்யலாம் என்று பொருள், செய்தே தீர வேண்டும் என்றில்லை. அறிவுறுத்தல் என்பது எப்படிச் செய்வது என்று சொல்வது. அது அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மலையகத்து ஆட்கள் அதிகாரத்தை அது வந்த தாளின் பெயராலேயே சொல்வார்கள். ‘துண்டு’ என்பதை நினைத்துப் பாருங்கள். கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை (தோட்டத்தின் வெள்ளைக்கார அதிகாரி) எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை, குடும்பங்கள் கங்காணியின் (ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்) கடனோடு தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறியது அந்தச் சீட்டில்தான். அதன் பெயரில் ஆணையும் இல்லை, கட்டளையும் இல்லை. வெறும் துண்டு. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தபோதும் ‘கெசட் வந்துருச்சு’ என்றுதான் எங்கள் பக்கம் பேச்சு. ஆகவே கலைச்சொல் தாளின் தலையிலேயே பெயராக நிற்க வேண்டும். ‘என்ன கடுதாசி வந்திருக்கு?’ என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வர வேண்டும்.

என் முன்மொழிவு ‘பணிப்பாணை’. சட்டத்தின் அதிகாரத்தோடு வருவது, மீறினால் விளைவு உள்ளது, அது பணிப்பாணை. மேலதிகாரி தன் அலுவலகத்துக்குள் சொல்வது வழக்கம்போலப் பணிப்புரை. வினைச்சொல்லும் பிரிந்துவிடும்: பணிப்பாணை பிறப்பி, பணிப்புரை வழங்கு. ‘விடு’ வேண்டாம். பணிப்பாணையிலும் பணி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆணை என்ற சொல் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தலைப்பில் பார்த்தபின் வேலை வந்ததென்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கடிதத்தின் உள்ளே ‘பணிக்கப்படுகின்றீர்கள்’ வேண்டவே வேண்டாம். ‘இந்த ஆவணங்களை 30ஆம் திகதிக்கு முன் நீங்கள் கொண்டுவந்து தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்’ என்று எழுதினால் மரியாதை குறையாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, அடுத்த வருடம் 16ஆம் திருத்தம் நிருவாகத்தில் அதற்கு இடம் தந்தது. அந்த உரிமையின்படி நமக்கு வருகிற கடிதம் நமக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

பிரதேச செயலகங்களில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் நண்பர்கள் இந்த வாக்கியத்தை ஒரு கடிதத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்: ‘பிரிவு இத்தனையின் கீழ் ஆணையாளர் பிறப்பிக்கும் பணிப்பாணை.’ சிங்கள மூலத்தில் ‘நியோகய’ என்று வரும் எல்லா இடத்துக்கும் இது பொருந்துமா, சில இடத்தில் பணிப்புரையே போதுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆட்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அது நல்ல சொல்லாக இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.